பனியாறு சுருங்கினால் துருவ நிலத்தடி நீருக்கு என்ன ஆகும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனியாறுகளைப் பற்றி எங்கே பேசினாலும் முதல் கேள்வி கடல் மட்டத்தைப் பற்றித்தான் வரும். கொஞ்ச நேரம் கழித்து யாராவது ஒருவர், "அடியில் இருக்கிற தண்ணீர் என்ன ஆகும்?" என்று தயங்கியபடி கேட்பார். உடனே பக்கத்தில் இருப்பவர், "அங்கே ஏது நிலத்தடி நீர்?" என்பார். இந்த இரண்டு கேள்விகளிலிருந்தும் கிளம்பிய சந்தேகங்களைத்தான் கேட்டவர்கள் சொன்னபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். முன்னால் வருபவை எளியவை. போகப் போகக் கொஞ்சம் சிக்கலாகும்.

துருவத்துல எல்லாமே உறைஞ்சுதானே கிடக்கும்? அங்க ஏது நிலத்தடி நீர்?

உறைந்திருப்பது மேல்பகுதி மட்டும்தான். பூமிக்குள்ளிருந்து வெப்பம் ஓயாமல் மேலே வந்துகொண்டே இருக்கிறது. அதனால் ஓர் ஆழத்துக்குக் கீழே போனால் எந்தக் குளிர்ப் பிரதேசத்திலும் உறையாத பாறை வந்துவிடும். அதுவரைக்கும் ஆண்டுக்கணக்கில் உறைந்தே கிடக்கும் மண்ணையும் பாறையையும் பெர்மாஃப்ராஸ்ட் என்கிறார்கள்; இங்கே உறைநிலம் என்று சொல்கிறேன். நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளில் கடலோரப் பள்ளத்தாக்குகளில் இது 100 மீட்டர் அளவுக்கும், மலைப்பகுதிகளில் 400 மீட்டருக்கு மேலும் இறங்குகிறது. அதற்கும் கீழே பாறை வெடிப்புகளில் தண்ணீர் இருக்கிறது.

தடிமனான பனியாற்றின் அடியில் நிலைமை இன்னும் வேறு. பனி ஒரு கம்பளியைப் போல வெளிக்குளிரைத் தரையிலிருந்து தள்ளி வைக்கிறது. கூடவே அதன் எடை உருகுநிலையையும் சற்றுக் குறைக்கிறது: 1,000 மீட்டர் பனிக்கு அடியில் ஏறத்தாழ 0.9 டிகிரி குறைவு. அதனால் பெரிய பனியாறுகள் பலவற்றின் அடித்தளம் நடுக்குளிர்காலத்திலும் ஈரமாகவே இருக்கிறது. மேலே மைனஸ் 30 டிகிரி இருந்தாலும் அடியில் தண்ணீர் நகர்ந்துகொண்டிருக்கும்.

பனிப்பாறை, பனியாறு ரெண்டும் ஒண்ணுதானா?

பேச்சில் இரண்டையும் பனிப்பாறை என்றே சொல்லிவிடுகிறோம். இந்தப் பக்கத்துக்கு வேறுபாடு முக்கியம். நிலத்தின் மேல் படிந்து, தன் எடையாலேயே மெல்ல நகர்வது பனியாறு. அதிலிருந்து உடைந்து கடலில் மிதப்பது பனிப்பாறை. கிரீன்லாந்து, அண்டார்டிகா போல நிலப்பரப்பையே மூடியிருப்பதைப் பனிவிரிப்பு என்று சொல்கிறேன். நிலத்தடி நீரைப் பாதிப்பவை நிலத்தை அழுத்திக்கொண்டிருக்கும் பனியாறும் பனிவிரிப்பும்தான். மிதப்பதற்கு இதில் வேலை இல்லை.

பனி உருகினா தண்ணி அதிகமாத்தானே ஆகணும்? நிலத்தடி நீர் குறையும்னு ஏன் சொல்றாங்க?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதற்கு மட்டும் விளக்கம் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும் என்பது என் அனுபவம்.

பனியாறு நிலத்தடி நீருக்கு இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, தண்ணீரைக் கொடுக்கிறது. இன்னொன்று, அந்தத் தண்ணீரைப் பாறைக்குள் தள்ளுகிறது. இரண்டாவது வேலையை நாம் மறந்துவிடுகிறோம். 100 மீட்டர் பனியின் எடை ஏறத்தாழ 92 மீட்டர் உயர நீர்த்தொட்டியின் எடைக்குச் சமம். அந்த எடைக்குக் கீழே சிக்கிய உருகுநீர் கிடைக்கிற வெடிப்பிலெல்லாம் புகுந்து ஆழத்துக்கு இறங்கும்; பிறகு பனியாற்றின் முகப்புக்கு வெளியே எங்கோ ஓரிடத்தில் ஊற்றாக மேலே வரும்.

பனி மெலியும்போது முதலில் உருகுநீர் கூடுகிறது, உண்மைதான். ஆனால் அதன் பெரும்பகுதி கோடையின் சில வாரங்களில் ஓடையாகக் கடலுக்குப் போய்விடுகிறது. உள்ளே தள்ளும் அழுத்தமோ ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. கடைசியில் பனியே இல்லாத நிலை வரும்போது கொடுப்பதும் நின்றுவிடும், தள்ளுவதும் நின்றுவிடும். ஸ்வால்பார்டின் லாங்யர்பியென் ஊரில் ஆண்டு மழையும் பனிப்பொழிவும் சேர்ந்தே 200 மில்லிமீட்டர் அளவுதான். பனியாறு விட்டுச்செல்லும் இடத்தை அந்த மழையால் நிரப்ப முடியாது.

பனி விலகின இடத்துல மண் உருகுமா, உறையுமா?

உருகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் உயர் ஆர்க்டிக்கில் பல இடங்களில் அது உறைகிறது. பனியாறு போர்த்தியிருந்தவரை ஈரமாக இருந்த அடித்தளம், போர்வை விலகியதும் குளிர்காலக் காற்றுக்கு நேராகத் திறந்துகொள்கிறது. சராசரி வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இருக்கும் இடத்தில் புதிய உறைநிலம் மேலிருந்து கீழாக வளரத் தொடங்கும்.

பனியாறு இருக்கும்போதே இது ஆரம்பித்துவிடும். ஸ்வால்பார்டின் பல பனியாறுகளில் நடுவே தடித்த பகுதியின் அடி ஈரமாகவும், மெல்லிய ஓரங்களின் அடி தரையோடு உறைந்தும் இருக்கும். பனி மெலிய மெலிய உறைந்த ஓரம் உள்நோக்கிப் பரவுகிறது. உருகுநீர் பாறைக்குள் இறங்கும் வாசல்கள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. காற்று சூடாகிக்கொண்டே போகும் காலத்தில் தரை உறைந்து மூடிக்கொள்வது முரணாகத் தெரியும். ஆனால் துருவ நிலத்தடி நீரின் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படும் இடம் இதுதான்.

நீண்ட கால நோக்கில் வெப்பம் கூடக்கூட உறைநிலமும் இளகும் என்பது வேறு விஷயம். ஆர்க்டிக் பகுதி 1979க்குப் பிறகு உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. இரண்டு போக்குகளும் ஒரே பள்ளத்தாக்கில் அடுத்தடுத்து நடக்கலாம்.

இதையெல்லாம் யாராவது உள்ளே போய் அளந்து பார்த்திருக்காங்களா, இல்ல கணக்குப் போட்டுச் சொல்றாங்களா?

அளந்திருக்கிறார்கள். மேற்கு கிரீன்லாந்தில் காங்கர்லுஸ்ஸுவாக் பக்கம் இசுன்குவாட்டா செர்மியா என்ற பனியாற்றின் ஓரத்திலிருந்து 2011-ல் சாய்வாக ஓர் ஆழ்துளை போட்டார்கள். அது 650 மீட்டருக்குச் சற்று மேல் நீளமானது. கெட்டிப் பாறை வழியாகப் பனிவிரிப்பின் விளிம்புக்கு அடியிலேயே போகிறது. அதற்குள் அழுத்தமானிகளை இறக்கி எட்டு ஆண்டுகள் தொடர்ந்து பதிவு செய்தார்கள்.

அந்தப் பதிவில் கண்டதை நினைத்துப் பாருங்கள். அத்தனை ஆழத்தில், பாறையின் மயிரிழை வெடிப்புகளில் இருக்கும் தண்ணீர், மேலே கோடைப் பகலில் பனி உருகுவதும் இரவில் அடங்குவதுமான தினசரி ஏற்ற இறக்கத்தைக் கூட உணர்கிறது. பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. இவற்றுக்கெல்லாம் அடியோட்டமாக, எட்டு ஆண்டுகளில் நீரின் அழுத்தமட்டம் சீராக இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அதற்கு முக்கியக் காரணம் மேலே பனி மெலிந்ததுதான் என்று 2021-ல் வெளியான ஆய்வு சொன்னது. ஆழ நிலத்தடி நீர் நூற்றாண்டுக் கணக்கில் மந்தமாகத்தான் அசையும் என்ற எண்ணத்தை அந்த ஒரு துளை மாற்றிவிட்டது.

இன்னொரு விவரம்: அந்தத் துளையைப் போடக் காரணமே அணுக்கழிவுதான். ஸ்வீடன், பின்லாந்து, கனடா மூன்றும் கழிவை ஆழப் பாறையில் புதைக்கத் திட்டமிடும் நாடுகள். அடுத்த பனியூழி வந்து தலைக்குமேல் பனிவிரிப்பு படர்ந்தால் அடியில் நீர் எப்படி நகரும் என்று தெரிந்துகொள்ளத்தான் கிரீன்லாந்துக்குப் போனார்கள். பனி வளர்வதைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போட்ட துளை, பனி தேய்வதைப் பதிவு செய்தது.

பனியாற்றுக்கு முன்னால ஊற்று இருக்கும்னு சொன்னீங்களே, உறைஞ்ச தரையில எப்படி வெளியே வரும்?

அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். உறைநிலத்தில் ஆங்காங்கே உறையாத ஓட்டைகள் உண்டு: ஏரிகளின் அடி, பாறைப் பிளவுகள், பனியாறு அண்மையில் விலகி இன்னும் உறைந்து முடியாத தரை. இவற்றின் வழியே ஊற்றுக்கண் திறக்கும்.

குளிர்காலத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மற்ற ஓடைகள் எல்லாம் உறைந்து நின்றுவிட்ட பிறகும் ஊற்று நீர் கசிந்துகொண்டே இருக்கும். வெளியே வந்ததும் உறையும். அதன் மேல் அடுத்த கசிவு பரவி உறையும். வசந்தம் வருவதற்குள் பனியாற்றின் முன்னால் வெளிர்நீலத் தளமாக அடுக்கடுக்காக ஒரு பனிமேடை உருவாகிவிடும். சில இடங்களில் அடியில் சிக்கிய நீர் மேலே உள்ள பனியைக் கொப்புளம் போல உப்ப வைக்கும். மழையும் இல்லை, உருகுதலும் இல்லை என்கிற மாதங்களில் இந்த மேடை வளர்ந்தால், தண்ணீர் தேங்கியிருந்த இடத்திலிருந்துதான் வருகிறது என்று அர்த்தம். ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களில் முதலில் தேடுவது இந்த மேடைகளைத்தான்.

மீத்தேன் வருதுன்னு படிச்சேன். தண்ணிக்கும் மீத்தேனுக்கும் என்ன சம்பந்தம்?

இப்போது சொன்ன ஊற்றுகள்தான் அந்தச் சம்பந்தம். ஸ்வால்பார்டின் நடுப்பகுதியில் பழைய கடலடிச் சேற்றிலிருந்து உருவான களிப்பாறைகள் நிறைய. அவற்றில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மீத்தேன் அடைபட்டிருக்கிறது. மேலே உறைநிலமும் பனியாறும் மூடியாக இருக்கின்றன. பனியாறு பின்வாங்கி ஊற்றுக்கண் திறந்ததும், பாறை வழியே வரும் நீர் அந்த வாயுவையும் கரைத்து எடுத்துக்கொண்டு மேலே வருகிறது. வெளியே அழுத்தம் குறைவு என்பதால் வாயு பிரிந்து காற்றில் கலந்துவிடும், சோடா பாட்டிலைத் திறந்தது போல.

2023-ல் வெளியான ஓர் ஆய்வில், அங்கே 78 பனியாறுகளின் முன்னால் நூற்றுக்கும் மேற்பட்ட ஊற்றுகளில் நீரெடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் மீத்தேன் இருந்தது. காற்றோடு சமநிலையில் இருக்கும் நீரில் இருக்க வேண்டிய அளவைப் போல 6,00,000 மடங்கு வரை சில இடங்களில் பதிவாகியது. மொத்தமாக ஆண்டுக்கு 2,000 டன்னுக்குச் சற்று மேல் வெளியேறுவதாகக் கணக்கிட்டார்கள். உலகம் முழுவதும் மனிதச் செயல்களால் வெளியாகும் மீத்தேனோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. ஆனால் முன்பு எந்தக் கணக்கிலும் வராத வழி இது. பனியாறுகள் பின்வாங்கப் பின்வாங்கப் புதிய ஊற்றுகள் திறக்கும் என்பதுதான் கவலை.

அப்போ உறைநிலம் வளர்ந்து வாசலை அடைச்சுட்டா மீத்தேனும் நின்னுடுமே? நல்லதுதானே?

கூர்மையான கேள்வி. ஒரு குறிப்பிட்ட ஊற்று அப்படி அடைபடக்கூடும். பனியாறு விலகிய புதிதில் தரை இன்னும் உறையாமல் இருக்கும் அந்த இடைவெளியில்தான் கசிவு எளிது. ஆனால் ஊற்று முழுதாக உறைவதும், அழுத்தத்தோடு வரும் நீர் பக்கத்தில் வேறு வழி திறப்பதும் போட்டி போட்டு நடக்கும். உறைநிலத்துக்கு அடியிலிருந்து வரும் நீர் மேலே உறைந்து மண்ணையே குன்றாக உயர்த்திவிடும் இடங்கள் ஸ்வால்பார்டில் உண்டு. பிங்கோ என்று பெயர். அட்வென்ட்டாலன் பள்ளத்தாக்கின் பிங்கோக்களில் ஊற்றோடு மீத்தேனும் வருகிறது. அதாவது 'அடைத்தல்' எப்போதும் முழுமையாக நடப்பதில்லை. அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது.

அண்டார்டிகாவிலும் இதே கதைதானா?

அங்கே அளவு வேறு, வேகம் வேறு. மேற்கு அண்டார்டிகாவில் வில்லன்ஸ் என்ற பனி ஓட்டம் இருக்கிறது; பனிவிரிப்புக்குள் சுற்றியுள்ள பனியை விட வேகமாக நகரும் பகுதியைத்தான் பனி ஓட்டம் என்கிறார்கள். ஏறத்தாழ 800 மீட்டர் தடிமனான பனி. அதற்குக் கீழே அரை கிலோமீட்டரிலிருந்து ஏறக்குறைய 2 கிலோமீட்டர் வரை வண்டல் அடுக்கு இருப்பதும், அது முழுக்க நீரால் நிறைந்திருப்பதும் 2022-ல் தெரியவந்தது. துளை எதுவும் போடவில்லை. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் பூமியின் இயற்கையான மின்காந்த அதிர்வுகளைப் பனியின் மேல் வைத்த கருவிகளால் அளந்தே கண்டுபிடித்தார்கள். அந்த வண்டலிலிருந்து நீரை மட்டும் பிரித்து நிறுத்தினால் 220 முதல் 820 மீட்டர் உயரம் வரும் என்கிறது ஆய்வு.

அந்த நீர் மேலே நன்னீராகவும் ஆழம் போகப் போக உப்பாகவும் இருக்கிறது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பனி பின்வாங்கியிருந்தபோது கடல் அங்கே வந்திருக்கிறது. பிறகு பனி மறுபடி முன்னேறி, தன் உருகுநீரை மேலிருந்து திணித்திருக்கிறது.

அந்தத் தண்ணியைக் குடிக்க முடியுமா?

மேலோட்டமான ஊற்றுகள் சில நன்னீர். ஆழம் போனால் பெரும்பாலும் உப்பு. அண்டார்டிகாவின் டெய்லர் பனியாற்றின் முகப்பில் வடியும் 'இரத்த அருவி' இதற்குக் கண்கூடான சான்று. கடலை விட உப்பான, இரும்பு கரைந்த நீர் பனிக்கு அடியிலிருந்து நிறமில்லாமல் வருகிறது. காற்று பட்டதும் துருப்பிடித்துச் சிவப்பாகிறது. 1911-ல் நிலவியலாளர் கிரிஃபித் டெய்லர் முதலில் பார்த்தார்.

ஆர்க்டிக் ஊர்கள் பல இன்றும் நம்பியிருப்பது ஏரி, ஓடை போன்ற மேற்பரப்பு நீரைத்தான். லாங்யர்பியென் ஊருக்குக் குடிநீர் இஸ்டாமென் என்ற செயற்கை ஏரியிலிருந்து வருகிறது.

நிலத்தடி நீர் அழுத்தம் குறைஞ்சா பனியாற்றுக்கே ஏதாவது ஆகுமா?

ஆகும். பனிக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் நீர்தான் பனியாறு வழுக்கிச் செல்ல எண்ணெய் மாதிரி. வில்லன்ஸ் போன்ற இடத்தில் பனி மெலிந்து எடை குறைந்தால், இத்தனை காலம் வண்டலுக்குள் அழுத்தி வைக்கப்பட்ட நீர் மேல்நோக்கி ஊறத் தொடங்கும். ஈரப் பஞ்சை அழுத்தினால் நீர் வருவது நமக்குப் பழகியது; இங்கே எடையை எடுப்பதால் வருகிறது. காரணம், எடை குறைந்தவுடன் பனியின் அடியில் அழுத்தம் சட்டென்று விழும். ஆழ வண்டலில் இருக்கும் பழைய அழுத்தம் அவ்வளவு வேகமாகக் குறையாது. அந்த வித்தியாசம்தான் நீரை மேலே தள்ளுகிறது. அப்படி வரும் நீர் பனியின் ஓட்டத்தை இன்னும் வேகப்படுத்தலாம் என்று மாதிரிக் கணக்குகள் காட்டுகின்றன.

கிரீன்லாந்துத் துளையில் அழுத்தம் குறைந்தது என்று சொன்னதற்கு இது முரண் அல்ல. அங்கே பாறை வெடிப்புகளில் அழுத்தம் சீக்கிரம் கடத்தப்படுகிறது. இங்கே மெல்லிய துகள் வண்டல் தாமதப்படுத்துகிறது.

ஆறு திசை மாறினா நிலத்தடி நீர் பாதிக்குமா?

நிச்சயமாக. துருவ வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே இருந்தாலும் ஐஸ்லாந்து இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஸ்கெய்தரா என்ற பனியாற்று நதியின் மேல் 900 மீட்டர் அளவுக்கு நீண்ட பாலம் இருந்தது. நாட்டிலேயே அதுதான் அப்போது நீளமானது. பனியாறு பின்வாங்கியதில் 2009 கோடையில் நதி மேற்கே உள்ள இன்னொரு நதியோடு போய்ச் சேர்ந்துகொண்டது. பாலத்துக்கு அடியில் ஒரு சிற்றோடை அளவு நீரும் கறுப்பு மணலும்தான் மிஞ்சின. அந்த மணல்வெளியில் நிலத்தடி நீரால் ஊறி நின்ற குட்டைகளும் கசிவுகளும் 1980களுக்குப் பிறகு வெகுவாகச் சுருங்கிவிட்டன. நதி விலகியது ஒரு காரணம். பனியாற்று முகப்பு தாழ்ந்துபோய், அங்கிருந்து மணலுக்குள் ஊறிய நீர் குறைந்தது இன்னொரு காரணம்.

செயற்கைக்கோளை வெச்சு நிலத்தடி நீரை நேரா அளக்க முடியாதா?

ஈர்ப்புவிசை மாற்றத்தை அளக்கும் கிரேஸ் செயற்கைக்கோள்கள் 2002 முதல் எடை மாறுவதைச் சொல்லிவருகின்றன. ஆனால் அவற்றுக்குப் பனியும் தண்ணீரும் பாறையும் ஒன்றுதான், எடை, அவ்வளவே. கிரீன்லாந்தில் ஆண்டுக்குச் சராசரியாக 27,000 கோடி டன் அளவில் பனி போகும்போது நிலத்தடி நீரின் சிறு மாற்றம் அதில் மூழ்கிவிடும். போதாததற்கு, சுமை இறங்கிய தரையே மேலே எழும்பிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் ஆழ்துளையும் ஊற்றுநீர் மாதிரியும் இன்னும் அவசியமாக இருக்கின்றன. துருவத்தில் இப்படிப்பட்ட துளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்னும் நிறைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பனியாறு முழுசாப் போன பிறகு, அது உள்ளே தள்ளின தண்ணி எவ்வளவு நாள் இருக்கும்?

மேலோட்டமான சரளை அடுக்கில் இருப்பது சீக்கிரம் வடிந்துவிடும். ஆழத்துக்குப் போனது வேறு கணக்கு. எஸ்டோனியாவின் வடபகுதியில் கேம்ப்ரியன்-வெண்டியன் என்ற மணற்பாறை அடுக்கு இருக்கிறது. அதன் நீரில் கன ஆக்சிஜன், அதாவது வழக்கமான ஆக்சிஜனை விடச் சற்று எடை கூடிய வகை, மிகக் குறைவு. இன்று அங்கே பெய்யும் மழையில் அப்படி இருக்காது, கடுங்குளிரில் விழுந்த பனியில் மட்டுமே இருக்கும். ஸ்காண்டிநேவியப் பனிவிரிப்பு அந்த நாட்டை மூடியிருந்தபோது, மேலே நாம் பார்த்த அதே அழுத்தத்தால் பாறைக்குள் தள்ளப்பட்ட உருகுநீர் அது. பனி போய்ப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தத் தண்ணீரை இன்றும் ஆழ்துளைக் கிணறு வழியாக எடுத்துக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.